செயலுக்கு முன்னே தராசு: ‘மூன் நைட்’ தொடரும் நம் வீட்டுக் கண்டனங்களும்

ஏப்ரல் 2ஆம் தேதி மாலை நாம் ரமளான் பிறையைத் தேடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அதற்கு மூன்று நாள்களுக்கு முன்பே நம் பிள்ளைகளின் கைப்பேசியில் வேறொரு நிலவு உதித்துவிட்டது. மார்வெல் நிறுவனத்தின் ‘மூன் நைட்’ என்னும் தொடர் 2022 மார்ச் 30 அன்று டிஸ்னி பிளஸ் ஹாட்ஸ்டாரில் தொடங்கியது. புதன்கிழமைக்கு ஒரு பகுதியாக மொத்தம் ஆறு பகுதிகள். இடையில் வந்த நான்கும் நோன்புக்குள் வந்தன. கடைசிப் பகுதி பெருநாளுக்கு மறுநாள், மே 4 அன்று வெளியானது. தமிழ்க் குரலிலும் கிடைத்ததால், அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூந்தமல்லியிலும் மக்தபுக்கு ஓத வரும் பிள்ளைகளுக்கு மொழி ஒரு தடையாகவே இல்லை. கோன்ஷு என்றும் அம்மிட் என்றும் பழைய எகிப்தியர் வணங்கிய பெயர்கள், தராவீஹ் முடிந்து செருப்பைத் தேடும் வேளையிலும் அவர்கள் வாயில் இருந்தன.

பெரியவர்களின் எதிர்வினை நாம் எதிர்பார்த்ததுதான். மஹல்லாக் குழுக்களில் குரல் செய்திகள் பறந்தன. இது ஷிர்க்கைப் பரப்பும் சூழ்ச்சி என்றார் ஒருவர். ரமளானைக் குறிவைத்தே வெளியிட்டார்கள் என்றார் இன்னொருவர். இதைப் பார்த்த பிள்ளை ஈமானை இழந்துவிட்டது, மீண்டும் கலிமா சொல்லிக்கொடுங்கள் என்று மூன்றாமவர் தீர்ப்பே வழங்கிவிட்டார். தொடரில் என்ன இருக்கிறது என்பதை இவர்களில் எவரும் சொல்லவில்லை. பிள்ளைகள் என்ன கேட்கிறார்கள் என்பதையும் எவரும் விசாரிக்கவில்லை. இக்கட்டுரை அவர்களுக்கே முதலில் உரியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். அத்தொடரைப் பார்க்குமாறு நாம் எவருக்கும் பரிந்துரைக்கவில்லை. பல தெய்வங்கள் கூடி உலகை நடத்துவதாகக் காட்டும் கதை, தவ்ஹீதைச் சொல்லி வளர்க்க வேண்டிய வீட்டுக்கு உகந்த விருந்தன்று. மூன்றாம் பகுதியில் நிலவுத் தெய்வமான கோன்ஷு மற்றத் தெய்வங்களை அழைப்பதற்காகச் சூரியனை மறைக்கிறான். இந்தக் காட்சியை வியந்து பேசும் பிள்ளைக்குப் பதிலாக நம்மிடம் என்ன இருக்கிறது? எகிப்திலிருந்து வந்த அன்னை மாரிய்யாவின் மகன் இப்ராஹீம் குழந்தைப் பருவத்திலேயே இறந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. நபியின் மகன் இறந்ததால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். வேறொரு தலைவராயிருந்தால் அந்தப் பேச்சை அப்படியே விட்டிருப்பார். நாயகம் (ஸல்) அவர்களோ, துக்கம் தொண்டையில் நிற்கும் அந்நாளிலேயே, சூரியனும் சந்திரனும் எவருடைய மரணத்துக்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் மறைவதில்லை என்று திருத்தினார்கள். இந்த ஒரு வரலாற்றைச் சொன்னால் கோன்ஷுவின் கிரகணம் என்னவாகும்? ஆனால் குரல் செய்திகளில் இது இல்லை. “பார்க்காதே” மட்டும்தான் இருந்தது.

ரசிகர்களின் மகிழ்ச்சியையும் நாம் புரிந்துகொள்ள வேண்டும். தொடரின் முதன்மை இயக்குநர் முஹம்மத் தியாப் எகிப்தியர். காவல் வண்டி ஒன்றுக்குள் எதிரெதிர்க் கட்சியினரை ஒன்றாக அடைத்து வைத்த கதையை ‘கிளாஷ்’ என்ற பெயரில் 2016இல் படமாக்கியவர். ‘ஒண்டர் உமன் 1984’ படம் எகிப்தைக் காட்டிய விதத்தை வெளிப்படையாகக் கண்டித்தவரும் அவரே. மேற்கத்தியப் படங்களில் கெய்ரோ என்றால் மணலும் ஒட்டகமும்தான். இதில் கெய்ரோ ஒரு மாநகரமாக, நெரிசலும் விளக்கும் எகிப்தியப் பாட்டுமாக வந்தது. எகிப்து மக்கள் அதைக் கொண்டாடினர். (அந்தக் கெய்ரோத் தெருக்கள் ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்டில் போடப்பட்ட அரங்கங்கள் என்பது வேறு செய்தி.) லைலா என்னும் பாத்திரத்தில் மே கலமாவி நடித்தார். இறுதிப் பகுதியில் ஒரு சிறுமி அவளைப் பார்த்து நீ எகிப்திய வீராங்கனையா என்று கேட்கிறாள். அவள் ஆம் என்கிறாள். அரபுப் பெண்கள் பலர் அந்த ஒரு காட்சியைத் திரும்பத் திரும்பப் பகிர்ந்தார்கள். நம் மக்தபின் பெரிய பெண்பிள்ளைகளும் அதைப் பற்றிப் பேசினார்கள். அரபுப் பெயர் உள்ளவன் திரையில் வந்தாலே கையில் வெடிகுண்டு இருக்கும் என்று பார்த்துப் பழகிய கண்களுக்கு அது ஆறுதலாக இருந்ததில் வியப்பில்லை.

ஆனால் அந்தப் பெண்பிள்ளைகளிடம் எகிப்தின் வீராங்கனைகள் நால்வரின் பெயரைக் கேட்டால் தயங்குகிறார்கள். நைல் நதியில் மிதந்து சென்ற பேழையைக் கரையோரமாகவே பின்தொடர்ந்து, அரண்மனைக்குள் நுழைந்து, பாலூட்டும் தாயொருத்தியை நான் காட்டட்டுமா என்று சாமர்த்தியமாகப் பேசிய சகோதரி. கொடுங்கோலனின் வீட்டுக்குள்ளேயே ஈமானைக் காத்த ஆசியா அம்மையார். எகிப்திலிருந்து வந்து, மக்காவின் வெற்றுப் பள்ளத்தாக்கில் தண்ணீருக்காக ஓடிய ஹாஜரா அம்மையார். பிறந்த மகனை ஆற்றில் இட்ட மூஸா (அலை) அவர்களின் தாயார். இவர்களை நாம் பெயர்ப்பட்டியலாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறோமே தவிர, அந்தப் பேழையைப் பின்தொடர்ந்த சிறுமியின் நெஞ்சு எப்படித் துடித்திருக்கும் என்று ஒரு நாளாவது ஒரு வீட்டில் பேசியிருப்போமா? லைலாவின் சிறகைக் குறை சொல்பவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

இனி நாம் சொல்ல வந்ததற்கு வருவோம். அத்தொடரின் நச்சு தெய்வங்களின் பெயரில் மட்டும் இல்லை. அதைவிட ஆழமான இடத்தில் ஒரு வாதம் இருக்கிறது. கண்டித்தவர்கள் அதைக் கண்ணாலும் காணவில்லை.

பழைய எகிப்தியரின் நம்பிக்கைப்படி, இறந்தவனின் இதயத்தை ஒரு தட்டிலும் மாஅத் என்னும் நீதியின் இறகை மறுதட்டிலும் வைத்து எடைபோடுவார்கள். இதயம் கனத்தால், முதலைத் தலையும் சிங்க உடலும் நீர்யானைப் பின்புறமும் கொண்ட அம்மிட் அதை விழுங்கிவிடும். எல்லாம் இறந்த பிறகு நடப்பது. இணைவைத்த அந்த மக்கள்கூடத் தராசை வாழ்நாளின் முடிவில்தான் வைத்தார்கள். தொடர் அதை மாற்றியது. ஆர்தர் ஹாரோ என்பவன் அம்மிட்டின் அடியான். அவன் ஒருவரின் கைகளைப் பற்றினால், அவன் கையில் பச்சை குத்தியிருக்கும் தராசு ஆடும். அந்த ஆள் செய்ததை மட்டுமல்ல, இனிச் செய்யப்போவதையும் எடைபோட்டு, தட்டு சாய்ந்தால் அங்கேயே உயிரைப் பறிக்கும். முதல் பகுதியில் ஒரு மூதாட்டி, வாழ்நாளெல்லாம் நன்மையே செய்தேன் என்று மன்றாடியும் விழுந்து சாகிறாள். இனிமேல் செய்யக்கூடிய ஏதோ ஒன்றுக்காக. ஹாரோ இதற்குச் சொல்லும் நியாயம் மிகவும் கவர்ச்சியானது. அம்மிட் விடுதலையாக இருந்திருந்தால் ஹிட்லர் தோன்றியிருக்க மாட்டான் என்கிறான். ஆர்மீனியப் படுகொலை நடந்திருக்காது என்றும் அதே மூச்சில் சொல்கிறான். (இந்த ஒரு சொல்லுக்காகத் திரைப்பட மதிப்பெண் தளங்களில் ஒற்றை நட்சத்திரங்கள் குவிந்தன. ஜூன் மாதம் முஸ்லிம் சிறுமியை நாயகியாக்கி வந்த ‘மிஸ் மார்வெல்’ தொடருக்கும், கதையைப் பார்த்தும் பாராமலும் பலர் அதையே செய்தார்கள். அப்போது நாம் வருந்தினோம்.)

ரசிகர்களிடையே நடந்த உண்மையான விவாதம் இதுதான். தீமை செய்த பின் தண்டிக்கும் கோன்ஷு சரியா, செய்யுமுன் தண்டிக்கும் அம்மிட் சரியா? நம் பிள்ளைகளில் பாதிப்பேர், அம்மிட் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே என்றார்கள். மூத்த மாணவர் ஒருவர் அதற்கு மேலும் சென்று கேட்டார்: “ஹஜ்ரத், கஹ்ஃப் சூராவில் கிழ்ர் (அலை) அந்தச் சிறுவனைக் கொன்றது இதேதானே? அவன் வளர்ந்து பெற்றோரைக் குஃப்ருக்குத் தள்ளிவிடுவான் என்றுதானே?”

இப்படி ஒரு கேள்வியை ஒரு பிள்ளை தன் வீட்டில் கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும்? கைப்பேசி பிடுங்கப்பட்டிருக்கும். அல்லாஹ்வின் வேதத்தைத் தொலைக்காட்சிக் கதையோடு ஒப்பிடுகிறாயா என்று ஓர் அறையும் விழுந்திருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமைதோறும் ஓதும் சூராவை ஓசையாக மட்டும் கொள்ளாமல் பொருளாகவும் கொண்ட பிள்ளைதான் இப்படிக் கேட்க முடியும். கேள்வி சரியான இடத்தில் தொடுகிறது. அதற்கு விடையும் நம் மரபில் தெளிவாக இருக்கிறது.

அந்தச் சிறுவன் கொல்லப்பட்டபோது மூஸா (அலை) அவர்கள் பேசாமல் இருக்கவில்லை. எதையும் கேட்பதில்லை என்று வாக்களித்திருந்தும், ஓர் உயிருக்கு ஈடாகவும் அல்லாமல் ஒரு தூய உயிரைக் கொன்றுவிட்டீரே என்று பதறினார்கள். ஷரீஅத்தைச் சுமந்த நபியின் குரல் அது. கிழ்ர் (அலை) அவர்களும் இறுதியில், இவற்றை நான் என் விருப்பப்படி செய்யவில்லை என்று தெளிவுபடுத்தினார்கள். மறைவானதை அறிந்தவன் இட்ட கட்டளை அது. மனிதர் பின்பற்றும் விதியாக அது தரப்படவில்லை. இதையே பிற்காலத்தில் ஒருவர் விதியாக்கப் பார்த்தார். காரிஜிய்யாக்களின் தலைவர்களுள் ஒருவரான நஜ்தா, குழந்தைகளைக் கொல்லலாமா என்று இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கும் அந்த மறுமொழியின் கருத்து இது: அல்லாஹ்வின் தூதர் (ஸல்) குழந்தைகளைக் கொன்றதில்லை, ஆகவே நீரும் கொல்லாதீர், கிழ்ர் தாம் கொன்ற சிறுவனைப் பற்றி அறிந்திருந்ததை நீரும் ஒரு சிறுவனைப் பற்றி அறிந்திருந்தாலன்றி! கதவை இதைவிட இறுக்கமாக அடைக்க இயலாது. எவர் கையிலும் ஹாரோவின் தராசு இல்லை என்பதை ஒரே வரியில் ஸஹாபி முடித்துவிட்டார். கேட்டவர் எக்கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பதையும் கவனியுங்கள். பெரும்பாவம் செய்தவனைக் காஃபிர் என்று தீர்த்த கூட்டம் அது.

எகிப்திலேயே அம்மிட்டின் நீதியை நடைமுறைப்படுத்திப் பார்த்த ஒருவன் உண்டு. அவனைத் திருமறை பெயர் சொல்லிக் காட்டுகிறது. ஃபிர்அவ்ன் பனூ இஸ்ராயீலின் ஆண்குழந்தைகளை எதற்காகக் கொன்றான்? அக்குழந்தைகள் எக்குற்றமும் செய்திருக்கவில்லை. அவர்களுள் ஒருவன் வளர்ந்து தன் ஆட்சியை வீழ்த்துவான் என்ற அச்சத்தாலேயே அவ்வாறு செய்தான் என்கிறார்கள் விரிவுரையாளர்கள். கஸஸ் சூராவின் தொடக்கமும் அவர்கள் எதை அஞ்சினார்களோ அதையே அவர்களுக்குக் காட்ட நாடியதாகச் சொல்கிறது. வருமுன் தண்டிக்கும் நீதி என்று இன்று ரசிகர்கள் வியக்கும் கொள்கையின் பழைய உரிமையாளன் அவன்தான். அவன் தராசு எவ்வளவு நுட்பமாக வேலை செய்தது தெரியுமா? ஊரெல்லாம் குழந்தைகளைத் தேடிக் கொன்றவன், தேடப்பட்ட குழந்தையைத் தன் மடியில் வைத்து வளர்த்தான். அதே எகிப்தில் அதற்கு முன்பு யூஸுஃப் (அலை) அவர்களின் சட்டை பின்புறம் கிழிந்திருந்ததைக் கண்டார்கள். குற்றமற்றவர் என்ற சான்று கையில் இருந்தும், சிலகாலம் சிறையில் வைப்பதே நல்லது என்று முடிவெடுத்தார்கள்.

நம் தராசு வேறு. கடுகளவு செயலும் விடுபடாது, ஆனால் செயல் நடந்திருக்க வேண்டும். ஒரு தீமையை எண்ணி அதைச் செய்யாமல் விட்டவனுக்கு ஒரு முழு நன்மை எழுதப்படுகிறது என்று புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்கின்றன. ஹாரோவின் தராசில் அதே மனிதன் அந்நேரமே செத்திருப்பான். இன்னொரு செய்தியைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், கண்கள் விரியும். மறுமையில் ஒரு மனிதனுக்கு எதிராகத் தொண்ணூற்றொன்பது ஏடுகள் விரிக்கப்படும். ஒவ்வொன்றும் பார்வை எட்டும் தூரம் நீளும். மறுதட்டில் கலிமா எழுதிய ஒரு சிறு சீட்டு வைக்கப்படும். சீட்டு கனத்து, ஏடுகள் எழும்பிவிடும். திர்மிதியில் இருக்கும் இந்தச் செய்திக்கு முன் எந்தத் திரைக்கதை நிற்கும்?

இது ஏதோ கற்பனை உலகின் சர்ச்சை என்று எவரேனும் நினைத்தால், அவர் நம் பகுதியில் வீடு தேடிப் பார்க்கட்டும். தொலைபேசியில் வீடு காலியாக இருக்கும். பெயரைச் சொன்னதும் முன்பணம் கொடுத்துவிட்டார்கள் என்பார்கள். செயலுக்கு முன்பே தட்டு சாய்ந்துவிட்டது. சட்டத்திலும் இந்தத் தராசுக்கு இடம் உண்டு. குண்டர் சட்டம் என்று நாம் அழைக்கும் தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் சட்டம், இனிச் செய்யக்கூடும் என்ற கணிப்பின்பேரில் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்துவைக்க இடமளிக்கிறது. அது எல்லா சமயத்தார் மீதும் பாய்ந்த சட்டம். ஆனால் சந்தேகத்தின் பெயரால் எடைபோடப்படுவது எப்படியிருக்கும் என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

நடந்து முடிந்த செயலிலேயே மனிதக் கை எவ்வளவு நடுங்குகிறது என்பதற்குப் பூந்தமல்லிக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். ராஜீவ் காந்தி கொலை வழக்கைத் தடா சட்டத்தின்கீழ் விசாரித்த சிறப்பு நீதிமன்றம் நம் ஊரில்தான் நடந்தது. 1998 ஜனவரி 28 அன்று குற்றம் சாட்டப்பட்ட 26 பேருக்கும் மரண தண்டனை என்று தீர்ப்பு வந்தது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அவர்களில் 4 பேருக்கு மட்டும் அதை உறுதி செய்தது. 3 பேருக்கு ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. இத்தனை சாட்சிகளும் ஆவணங்களும் வைத்து, நடந்துவிட்ட ஒன்றை எடைபோட்டபோதே இப்படியென்றால், நடக்காத ஒன்றை எடைபோட எவருக்குத் துணிவு வரும்?

நம்மவர்களுக்கு வந்ததே! கைப்பேசியில் ஒரு தொடரைப் பார்த்த பதின்மூன்று வயதுப் பிள்ளையை, அவனிடம் ஒரு சொல் கேளாமல், ஈமான் இழந்தவன் என்று குரல் செய்தியில் அறிவித்தவர் எந்தத் தராசைப் பிடித்திருந்தார்? பருவம் எய்தும்வரை பிள்ளையிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்பதை அவர் ஓதியதில்லையா? தம் சகோதரனைக் காஃபிர் என்று அழைத்தால் அச்சொல் இருவரில் ஒருவர் மீது திரும்பும் என்ற எச்சரிக்கையை அவர் அறியாரா? உஸாமா (ரழி) அவர்கள் போர்க்களத்தில், வாளுக்கு அஞ்சித்தான் கலிமா சொன்னான் என்று எண்ணி ஒருவனைக் கொன்றுவிட்டு வந்தார்கள். அவன் இதயத்தைப் பிளந்து பார்த்தீரா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கேட்டார்கள். திரும்பத் திரும்பக் கேட்டார்கள். உஸாமா நாயகத்துக்கு மிகவும் பிரியமானவர். அவரையே அக்கேள்வி தப்பவிடவில்லை. இதயத்தைத் தட்டில் வைப்பது பழைய எகிப்தியரின் கற்பனை. பிறர் இதயத்தைத் தாமே திறந்து பார்த்துவிட்டதாகக் கருதுவது நம் மஹல்லாவின் வழக்கமாகிவிட்டது. தொடரின் பெயரால் மட்டுமா? மேற்படிப்புக்கு வெளியூர் போக விரும்பும் பெண்ணிடமும், தலைமுடியை வேறுவிதமாக வெட்டிக்கொண்ட பையனிடமும் இதே தராசுதான். “இவள் போனால் என்ன ஆவாள் தெரியுமா?” அம்மிட்டின் பேச்சு இது. சபையில் தாடியைத் தடவிக்கொண்டு சொன்னால் மார்க்கமாகிவிடாது.

தொடரில்கூட, கடைசியில் கோன்ஷு ஹாரோவைக் கொல்லக் கட்டளையிடும்போது நாயகன் மறுத்துவிடுகிறான். பிள்ளைகள் இக்காட்சியைச் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி தெரிகிறது. அவர்களின் இயல்பான ஃபித்ரத் இன்னும் பழுதடையவில்லை என்பதற்கு நாம் அதையே அடையாளமாகக் கொள்கிறோம்.

ஆஷூரா நோன்பு நெருங்குகிறது. மூஸா (அலை) அவர்களும் அவர்களின் சமூகமும் ஃபிர்அவ்னிடமிருந்து காக்கப்பட்ட நாள் அது. நம் பகுதிப் பள்ளிவாசல்களில் பயான் செய்யும் ஆலிம்களிடம் ஒரு வேண்டுகோள். வழக்கம்போல் கடல் பிளந்ததில் தொடங்க வேண்டாம். அதற்கு முன்பு, பேழைக்கும் முன்பு, குழந்தைகளைக் கொல்லச் சொன்ன அந்தக் கட்டளையில் தொடங்குங்கள். முன்வரிசையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மிட் யார் என்பது தெரியும். ஃபிர்அவ்ன் ஏன் அப்படிச் செய்தான் என்று அவர்களையே கேளுங்கள், அவர்கள் சொல்வார்கள். பெற்றோரும் குரல் செய்தியை அடுத்தவருக்கு அனுப்புமுன் தம் பிள்ளையிடம் அந்தக் கதையைக் கேட்கட்டும். யார் பக்கம் நியாயம் என்று நீ நினைக்கிறாய் என்று கேட்டுவிட்டு, பதிலை முழுதும் கேட்கட்டும்.

நம் மக்தபில் வரும் சனிக்கிழமை அஸருக்குப் பின் மூத்த மாணவர்களுக்குக் கஸஸ் சூராவின் முதல் பதின்மூன்று வசனங்களைப் பொருளோடு நடத்த இருக்கிறோம். பெற்றோரும் வந்து பின்வரிசையில் அமரலாம். பாடம் மஃரிபுக்குச் சற்று முன் முடியும்.